மத்ரஸா கட்டிடத்துக்குக் ‘களிமண் சீமெந்து’ – என் நிலைப்பாடு இதுதான்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நான்கு நாளாக ஊர் வட்ஸ்அப் குழுவில் என் பெயர் அடிபடுகிறது. “சேர் பொடியனை ஏற்றிவிடுகிறார்” என்று ஒரு பக்கம். “சேருக்குப் புதுசு எதுவும் பிடிக்காது” என்று மறுபக்கம். இரண்டையும் சொல்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே வரிசைக் கதிரையில் இருந்தவர்கள். ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு இரண்டு விதமாகப் போயிருக்கிறார்கள் என்றால் என் பேச்சிலும் பிழை இருக்கத்தான் வேண்டும். அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

விடயம் தெரியாதவர்களுக்காக: மத்ரஸாவுக்கு இரண்டு வகுப்பறை கட்ட வேண்டும். மேசன் பாஸ் போட்ட கணக்கில் சீமெந்து மட்டும் ஏறக்குறைய 300 பை. 2021இல் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய 50 கிலோ பை 2022இல் மூவாயிரத்துக்குக் கிட்டப் போனதை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் அத்திவாரத்தோடு நின்ற வீடுகள் சில இன்னும் நம் தெருவில் புல் முளைத்துக் கிடக்கின்றன. இந்த நிலையில் என்னிடம் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த ஒரு தம்பி, சிவப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் நான்கு கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இதில் சீமெந்து கொஞ்சம்தான். மிச்சம் உடைந்த ஓட்டுத் தூளும் நிலக்கரிச் சாம்பலும். சுவர், நிலம், சிலப் எல்லாம் இதிலேயே செய்து தருகிறேன், பாதிச் செலவு” என்றார். ஒரு கல்லைத் தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டார். உடையவில்லை. கூட்டம் தக்பீர் சொல்லாத குறை.

நான் எழுந்து கேட்டது இவ்வளவுதான்: இந்தக் கல்லுக்கு எத்தனை நாள் வயது? தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தீர்களா? கலக்கிற திரவம் என்ன? முதல் கேள்விக்குப் பதில் “பன்னிரண்டு நாள்”. இரண்டாவதுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு அவர் சிரித்துக்கொண்டே “சேர்தானே படிப்பித்தீங்க” என்றார்.

ஆம், நான்தான் படிப்பித்தேன். அதனால்தான் பயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று இல்லை. யூடியூப்பில் முளைத்த மாயமும் இல்லை. உக்ரெய்னின் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1950களிலேயே இந்த வழியில் வேலை செய்தார். உலைக் கசடையும் மண் வகைகளையும் காரக் கரைசலால் இறுகச் செய்து அதற்கு ‘மண் சீமெந்து’ என்றே பெயர் வைத்தார். பிரான்சில் ஜோசப் டாவிடோவிட்ஸ் 1970களில் தீப்பிடிக்காத பொருள் ஒன்றைத் தேடிப் போய்க் களிமண்ணிடம் வந்து சேர்ந்தார். ‘ஜியோபொலிமர்’ என்ற பெயர் அவர் வைத்தது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2014இல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் சுமார் 40,000 கனமீற்றர் இந்த வகைக் கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள். விமானம் நிற்கிற தரிப்பிடமும் திரும்புகிற இடமும் அதில்தான். ஆனால் கவனியுங்கள், அங்கே களிமண் இல்லை. இரும்பாலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும்தான். கலந்தவர்களும் நம் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றவர்கள் இல்லை.

சரி, இது எப்படி இறுகுகிறது? பத்தாம் தரப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்.

சாதாரண சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,450 பாகை வரை சுடுகிறார்கள். கல்சியம் காபனேற்று சூட்டில் உடையும். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடும். எரிபொருளின் புகை இதற்கு வேறு. எவ்வளவு நல்ல அடுப்பு வைத்தாலும் இந்த 44 கிலோவைத் தடுக்க முடியாது, அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உலகத்தில் மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7, 8 சதவீதம் சீமெந்திலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

களிமண்ணின் கதை வேறு. கயோலின் உள்ள களிமண்ணை 600 முதல் 800 பாகை வரை சுட்டால் போதும். அதிலிருந்து போவது நீராவி மட்டும், சுத்தமான கயோலின் என்றால் எடையில் 14 சதவீதமளவு. நீர் போனதும் களிமண்ணின் அடுக்குகள் குலைந்து, எதோடாவது சேரத் துடிக்கிற ஒரு தூள் மிஞ்சும். இந்தத் தூள் தண்ணீரோடு மட்டும் சேராது. காரம் வேண்டும். பலமான காரம் அந்தத் தூளிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்து விடுவிக்கும். அவை மறுபடி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்லாகும். நிலக்கரிச் சாம்பலும் இதே மாதிரிதான். ஆனால் கல்சியம் குறைந்த சாம்பல் நம் வீட்டு வெப்பத்தில் சோம்பேறித்தனமாக இறுகும், 60, 80 பாகைச் சூட்டில் வைத்தால்தான் வேகம் வரும்.

அங்கேதான் சீமெந்து உள்ளே வருகிறது. கலவையில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு சாதாரண சீமெந்து சேர்த்தால் அது தரும் கல்சியமும் சூடும் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். உலையில் வைக்கத் தேவையில்லை, நிழலில் வைத்தாலே இறுகும். இன்னொரு நன்மையும் உண்டு. சீமெந்து நீரோடு சேரும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. அதில் சலவைச் சோடாவைச் சேர்த்தால் கலவைக்குள்ளேயே சோடியம் ஐதரொட்சைட்டு உருவாகும். அதாவது கோஸ்டிக் சோடாவை வெளியிலிருந்து ஊற்றாமலேயே காரத்தை உள்ளே பிறப்பிக்கலாம். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இதெல்லாம் நமக்கு அந்நியமும் இல்லை. என் மூத்தும்மாவின் பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு செங்கல் தூள் இடித்துப் போட்டிருந்தார்கள். பழைய பாஸ்மாருக்குக் கயோலின் என்ற பெயர் தெரியாது, சுட்ட மண்ணைச் சேர்த்தால் சாந்து தண்ணீரைத் தாங்கும் என்று தெரியும்.

நமது மாவட்டத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் அருவக்காலுவில். அதை ரயிலில் ஏற்றி வந்து சீமெந்தாக்குவது பாலாவியில். கல்லைச் சுட்டுக் கிளிங்கர் செய்கிற உலை இன்றைக்கு நாட்டிலேயே அங்கு மட்டும்தான், மற்ற ஆலைகள் வெளிநாட்டுக் கிளிங்கரைக் கொண்டுவந்து அரைக்கின்றன. 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நுரைச்சோலையில். அதன் சாம்பலில் ஒரு பகுதி ஏற்கனவே சீமெந்துக்குள் போகிறது. தெற்கே தங்கொட்டுவை, வாய்க்கால் பக்கம் ஓட்டுச் சூளைகள். அங்கே உடைந்த ஓடு மலைபோல் கிடக்கும். உப்பும் நம்மிடம். உப்பு ஏன் என்று கேட்பீர்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் கோஸ்டிக் சோடா செய்கிறார்கள். ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தன் தொழிற்சாலையில் அதைத்தான் செய்தார்கள். 1980களில் யுத்தத்தோடு அது நின்றது. இன்று நாம் பாவிக்கும் கோஸ்டிக் சோடா பெரும்பாலும் கப்பலில் வருகிறது.

ஒரே மாவட்டத்தில் இவ்வளவும் இருக்க, ஒரு தம்பி இதைப் பற்றி யோசித்தது எனக்குச் சந்தோஷம். உண்மையான சந்தோஷம். இருபது வருடமாகச் சமன்பாடு எழுதிக் கொடுக்கிறேன், ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு கல் செய்து வந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய கொட்டிலுக்குப் போனேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.

கோஸ்டிக் சோடாவை அலுமினியச் சட்டியில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல் சட்டி. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், ஐதரசன் வாயு வெளிவரும், சூடு ஏறும். சட்டி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்று பார்த்தவர்களில் மூன்று பேர் மத்ரஸாவில் ஓதுகிற சின்னப் பிள்ளைகள். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை. ஒருவருடைய முன்கையில் ஏற்கனவே சிவந்த தழும்பு, “சுள்ளெண்டு பட்டது சேர்” என்றார். இந்த வேலைக்குப் பாவிக்கிற கரைசலில் ஒரு லீற்றருக்கு 400 கிராம் கோஸ்டிக் சோடா இருப்பது சாதாரணம். அதில் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அமிலத்தைவிட மோசம், காரம் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். நான் சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்தைத்தான் “சேர் எதிர்க்கிறார்” என்று குழுவில் போட்டிருக்கிறார்கள். ஆம், அதை எதிர்க்கிறேன். இனியும் எதிர்ப்பேன்.

(சாதாரண சீமெந்தும் காரம்தான் என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். சரியான பேச்சு. நம் பாஸ்மாரின் விரல் நுனிகளைப் பாருங்கள், அது சொல்லும். அவர்களுக்கு ஒரு சோடிக் கையுறை வாங்கிக் கொடுக்க எந்தக் கட்டிடக் கணக்கிலும் நாம் காசு ஒதுக்கியதில்லை. இந்தத் தடவை ஒதுக்குவோம்.)

இனி “பாதிச் செலவு” கணக்கு. தம்பியோடு உட்கார்ந்து கொப்பியில் எழுதிப் பார்த்தேன். சாம்பல் இலவசம், ஓட்டுத் தூள் இலவசம், வேலை கூட்டாளிமார் இலவசம். கோஸ்டிக் சோடா, யாரோ சவர்க்காரம் செய்துவிட்டு மிச்சம் வைத்த ட்ரம்மிலிருந்து, அதுவும் இலவசம். அந்த ட்ரம்மில் நான்கு கல்லுக்குக் காணும், இரண்டு வகுப்பறைக்குக் காணாது. இந்த வகைக் கலவையில் விலை கூடியது களிமண் அல்ல, காரம்தான். சூழலுக்குச் செய்கிற பாரமும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கோஸ்டிக் சோடாவுக்கு மின்சாரம் நிறைய வேண்டும். அதோடு சேர்க்கிற சோடியம் சிலிக்கேற்றுக்கு மணலையும் சோடாவையும் ஆயிரம் பாகைக்கு மேல் உருக்க வேண்டும். ‘பசுமைக் கல்’ என்று பெயர் வைப்பதற்கு முன் எவ்வளவு காரம் ஊற்றினோம் என்று கேட்க வேண்டும்.

ஓட்டுத் தூளிலும் ஒரு சிக்கல். களிமண் சரியான சூட்டில் சுடப்பட்டால்தான் சேரத் துடிக்கும் என்றேன் அல்லவா? 900 பாகையைத் தாண்டிச் சுட்டால் அது மறுபடி அடங்கிப்போகும். நன்றாக வெந்த ஓடு கூரைக்கு நல்லது, இந்த வேலைக்கு மந்தம். சூளையின் ஒரு மூலையிலிருந்து எடுத்த ஓடும் மறு மூலையிலிருந்து எடுத்த ஓடும் ஒரே மாதிரி இராது. சீமெந்துப் பையில் அந்தக் கவலை இல்லை. சாதாரண சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, கலப்புச் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 1247 என்று பையிலேயே இலக்கம் இருக்கும். பொறியியலாளர் அந்த இலக்கத்தை நம்பித்தான் கம்பி எவ்வளவு, தடிப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். தம்பியின் கல்லுக்குப் பின்னால் எந்த இலக்கமும் இல்லை.

போன வருடம் உயர்தரப் பிள்ளைகளோடு பாடசாலை ஆய்வுகூடத்தில் நானும் இதைச் செய்து பார்த்தேன், அதையும் சொல்கிறேன். தீப்பெட்டி அளவில் அச்சு. முதல் கலவை ஓட்டுத் தூளும் கோஸ்டிக் கரைசலும் மட்டும். நிழலில் ஒரு கிழமை வைத்ததும் கல் மாதிரித் தெரிந்தது. வாளித் தண்ணீரில் போட்டோம், மறுநாள் காலை அடியில் சேறு. இரண்டாவது ஓட்டுத் தூள், சாம்பல், கோஸ்டிக் மூன்றும். இது தண்ணீரில் நின்றது. ஆனால் வெளியே எடுத்துக் காயவைத்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. நம்மூர்ப் பிள்ளைகள் “சேர், உப்பளம்!” என்று சிரித்தார்கள். அது உப்பளத்து உப்பு இல்லை, மிச்சமிருந்த சோடியம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெளியே தள்ளிய காபனேற்று. காரம் கூடிப்போச்சு என்பதற்கு அடையாளம். மூன்றாவதில் ஓட்டுத் தூளும் சாம்பலும் 70 பங்கு, சீமெந்து 30 பங்கு, கோஸ்டிக் இல்லை, கொஞ்சம் சலவைச் சோடா மட்டும். முதல் இரண்டு நாள் நகத்தால் கீறலாம் போல இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வாளியிலேயே கிடந்தும் கரையவில்லை, பூக்கவும் இல்லை. சுத்தியலால்தான் உடைத்தோம். அது எத்தனை பாரம் தாங்கும்? எங்களிடம் அழுத்திப் பார்க்கிற இயந்திரம் இல்லை. அதனால் அதைப் பற்றி நான் ஒரு எண்ணும் சொல்ல மாட்டேன். சுத்தியல் அடி ஒரு பரிசோதனை இல்லை, தலைக்கு மேலிருந்து போடுவதும் பரிசோதனை இல்லை.

ஆகவே என் நிலைப்பாடு.

சிலப், பீம், தூண் – இதில் களிமண் கலவை வேண்டாம். பேச்சுக்கே இடமில்லை. அதற்குள்ளே கம்பி இருக்கிறது, அதற்குக் கீழே பிள்ளைகள் இருப்பார்கள். வெளிநாட்டில் செய்கிறார்களே என்றால், அங்கே அதற்கென்று விவரக்குறிப்பு எழுதி, ஒவ்வொரு தொகுதியையும் அழுத்திப் பார்த்துத்தான் செய்கிறார்கள். பிரித்தானியாவில் பி.ஏ.எஸ். 8820 என்று 2016இல் வெளியிட்டது இதற்காகத்தான். நமக்கு அந்த இடத்துக்குப் போக இன்னும் படி இருக்கிறது.

ஆனால் 300 பையும் சிலப்புக்குப் போவதில்லை. பாஸிடம் பிரித்துக் கேட்டேன். பூச்சு, நிலம், முற்றத்துக்குப் பதிக்கிற கல், மதிலுக்குச் சாந்து என்று ஏறக்குறைய பாதி, கூரையைத் தாங்காத வேலைக்குத்தான் போகிறது. அந்தப் பாதியில் முதலில் முற்றத்துக் கல்லைத் தம்பியிடம் கொடுங்கள். கோஸ்டிக் இல்லாத, சீமெந்தும் சலவைச் சோடாவும் சேர்ந்த கலவையில் செய்யட்டும். ஒரு மாரி நனையட்டும், ஒரு கோடை காயட்டும், மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கட்டும். பிழைத்தால் பெயர்த்து எடுத்துவிட்டு வேறு கல் பதிக்கலாம். சிலப்பைப் பெயர்க்க முடியாது.

சிலப்புக்கும் பீமுக்கும் எஸ்.எல்.எஸ். 1247 கலப்புச் சீமெந்தைப் பாவிக்கலாமா என்று கட்டிடத்தைப் பார்க்கிற பொறியியலாளரிடம் கேட்போம். சாம்பல் சேர்ந்த சீமெந்தும் அந்த வகைக்குள் வரும், கடையில் கிடைக்கிறது. ‘சாம்பல் சீமெந்து பெலனில்லை’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தொடக்கத்தில் மெதுவாக இறுகும், அதனால் பலகையைக் கழற்ற அவசரப்படக் கூடாது, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். நாம் மூன்றாம் நாளே பலகையைக் கழற்றிவிட்டுச் சீமெந்தைக் குறை சொல்கிறோம்.

இதற்கு மறுப்பு ஒன்று வரும் என்று தெரியும், நிர்வாகத்திலுள்ள ஒரு ஹாஜியார் நேரிலேயே சொன்னார்: “சேர், இது வக்பு. பரிசோதனை செய்ய நம்ம காசா?” நியாயம். இந்தக் கட்டிடத்துக்குப் பிடியரிசி சேர்த்த உம்மாமார் இருக்கிறார்கள். சோற்றுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திருப்பிப் பானையில் போட்ட காசு அது. அது அமானிதம். அதனால்தான் பரிசோதனைச் செலவைக் கட்டிட நிதியில் ஒரு சதமும் எடுக்கக் கூடாது என்கிறேன். முற்றத்துக் கல் நிர்வாகம் ஏற்கனவே வாங்க இருந்தது, அந்த அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கல்லை ஆய்வுகூடத்தில் அழுத்திப் பார்க்கிற செலவை நாங்கள் சிலர் தனியாகப் போடுகிறோம். என் பங்காக 10,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். பழைய மாணவர்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள்.

அதே ஹாஜியாருக்கு இன்னொன்று. புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவருகிற பிள்ளையைக் கூட்டத்தில் வைத்துச் சிரித்தால் அவன் அடுத்த தடவை நம்மிடம் வர மாட்டான். விமானம் ஏறிவிடுவான். நம் ஊரில் உயர்தரம் விஞ்ஞானம் படித்த எத்தனை பேர் கட்டாரில் களஞ்சியக் கணக்கு எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பியிடம் நான் கடுமையாகப் பேசியது சட்டிக்காக, கல்லுக்காக அல்ல. அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவரும் மனம் வைத்தார். சட்டியைக் குப்பையில் போட்டார். மிச்சக் கோஸ்டிக் ட்ரம் இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் பூட்டி இருக்கிறது.

நிர்வாகம் சரி சொன்னால், வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மத்ரஸா பின்முற்றத்தில் முதல் முப்பது கல் போடுகிறோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் உடைந்த ஓடு இருந்தால் பாசி கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். பெயின்ற் பூசிய ஓடு வேண்டாம். எந்த வீட்டு ஓடு என்று பையில் எழுதி வையுங்கள், எந்தத் தூள் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸும் வருவதாகச் சொன்னார். கையுறை பத்துச் சோடி வாங்கி வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 28 நாள் கழித்து வாருங்கள்.